மாடு நல்லாத்தான் இருக்குது, ரத்தம் வேறு சொல்கிறது

போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். கன்று போட்டுப் பன்னிரண்டு நாளான எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு. "ஏனுங்க டாக்டர், வைக்கோலைக் கடிக்குது, தீவனத்தை மட்டும் மோந்து பார்த்துட்டுத் தள்ளி நின்னுக்குது" என்றார் அந்த அண்ணன். காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை. மூக்குப் பக்கம் குனிந்தால் மட்டும் கனிந்து அழுகின பழம் மாதிரி ஒரு வாசனை. வாலைத் தூக்கி அடியில் ஓடுகிற ரத்தக்குழாயில் ஊசி வைத்து ஒரு சொட்டு எடுத்து, சர்க்கரைக்காரர்கள் வைத்திருக்கிற மீட்டர் போன்ற கருவியில் கீட்டோன் (உடம்புக் கொழுப்பு கரையும்போது உண்டாகிற பொருள்) அளக்கிற பட்டையைச் செருகி விட்டேன். 3.1 காட்டியது. லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

சரி, கீட்டோசிஸ் என்கிற இந்த நோய்க்கு வைத்தியம் இருக்கிறது. எனக்குக் கவலை பக்கத்தில் நின்ற மாடுகளைப் பற்றித்தான். சமீபத்தில் கன்று போட்ட இன்னும் நான்கு மாடுகளுக்குப் பார்த்ததில் இரண்டு 1.4, 1.7. இரண்டும் தொட்டியில் வாயை வைத்துத் தின்றுகொண்டிருந்தன, "இதுக நல்லாத்தானுங்க இருக்குது" என்று அவர் நம்பவே இல்லை. பாலில் போகிற சக்திக்கு ஈடாகத் தீவனம் உள்ளே போகாதபோது மாடு தன் கொழுப்பைக் கரைக்கிறது, ஈரலால் சமாளிக்க முடியாத மிச்சம் கீட்டோனாக ரத்தத்தில் சேர்கிறது. வெளியே தெரிவதற்குள் பால் குறைந்து, பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போயிருக்கும்.

படுத்த மாட்டுக்கு ரத்தம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்வது நின்று தின்கிற மாடுகளுக்கு, கூட்டமாக, தீவனம் சரிதானா என்று தெரிந்துகொள்வதற்காகப் பார்ப்பது. இது புதிதும் இல்லை. 1970-இல் இங்கிலாந்தின் காம்ப்டனில் ஆய்வாளர் பெய்னும் அவருடைய குழுவினரும் இதை ஒரு முறையாகவே வெளியிட்டார்கள்: அதிகம் கறப்பவை, நடுத்தரமாகக் கறப்பவை, வற்றியவை என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு ஏழு மாடு. ஒரே மாட்டின் அறிக்கையை வைத்துக்கொண்டு பண்ணையின் தீவனத்தை மாற்றக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன்.

அறிக்கையைப் படிப்பதிலும் கண்ணி இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) சரியாக இருக்கிறது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். தீவனத்தில் குறைந்தாலும் மாடு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும், கன்று போடுகிற சமயத்தில்தான் தடுமாறும். அதனால் நடுக்கறவையில் கால்சியம் சரியாக இருப்பது தீவனத்துக்கு நற்சான்று ஆகாது. பாஸ்பரஸ் அப்படியில்லை, தீவனத்தில் குறைந்தால் பெரும்பாலும் ரத்தத்திலும் குறையும். கன்று போட்ட சில வாரத்தில் மாடு ரத்த அணுக்கள் உடைந்து காப்பி டிகாஷன் நிறத்தில் மூத்திரம் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில் நான்கைந்து ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடுகள் வரிசையாக நின்றன. 100 மில்லி ரத்தத்தில் பாஸ்பரஸ் 4 மில்லிகிராமுக்குக் கீழே, தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கிற யூரியாவும் ரொம்பக் குறைவு. விசாரித்தால் தவிடு விலை ஏறியது என்று நிறுத்திவிட்டு மரவள்ளித் திப்பியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். திப்பியில் மாவுச்சத்து இருக்கிறது, புரதமும் பாஸ்பரஸும் பேருக்குத்தான். நேர்மாறாகப் புண்ணாக்கைக் கொட்டுகிற இடத்தில் யூரியா ஏறி நிற்கும், யூரியா நைட்ரஜன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவும் சினை பிடிப்பதைக் கெடுக்கும். (சில ஆய்வகங்கள் யூரியா என்று போடும், சில யூரியா நைட்ரஜன் என்று போடும், இரண்டுக்கும் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

மாதிரி எடுப்பதில் நடக்கிற தவறுகள் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருபவை, ஏனென்றால் விவசாயி காசு கொடுத்துப் பொய்யான எண்ணை வாங்குகிறார். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் கால்சியம் பார்க்கவே முடியாது, உள்ளே இருக்கிற மருந்து அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய்தான், இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் ரத்த அணுக்களே அதைத் தின்றுவிடும். வயிற்றடியில் ஓடுகிற பால் நரம்பு பெரிதாகத் தெரிகிறதே என்று அதில் குத்தாதீர்கள், மடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அனுப்பிய ரத்தம் அது. குழாயைக் குலுக்கி, வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் அணுக்கள் உடைந்து பாஸ்பரஸ் இல்லாத உயரத்துக்குப் போய் நிற்கும்.

காங்கேயத்து அண்ணனிடம் வற்றிய மாடுகளுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "கறக்காததுக்கு எதுக்குங்க தீவனம்?" வைக்கோலும் தண்ணீரும்தான், கன்று போட்ட அன்றைக்கு ஒரேயடியாக ஆறு கிலோ. வயிற்றுக்குப் பழகவே நேரமில்லை. நோய் வந்த மாட்டுக்கு ஐந்து நாள் புரோபிலீன் கிளைக்கால் என்கிற, சக்தி கொடுக்கிற திரவத்தை வாயில் ஊற்றினோம். அப்புறம் கன்று போட மூன்று வாரம் இருக்கும்போதே ஒரு கிலோவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றச் சொன்னேன், தாது உப்பையும் எதைப் போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றேன்.

நேற்று போன் செய்தார். அந்த முறைக்கு வந்து கன்று போட்ட முதல் மாட்டுக்கு இன்று பத்தாம் நாள், மீட்டரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனாலும் ஒரு சொட்டு பார்த்துருங்க" என்றார்.