பல் தேய்மானம்: தேய்வு, தேய்ப்பு, அரிமானம்

“பல்லு தேஞ்சுபோச்சு” என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதைப் பல் மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது: அட்ரிஷன், அப்ரேஷன், எரோஷன். மூன்றும் லத்தீனில் பிறந்தவை. தமிழில் எழுதும்போது மூன்றையும் ‘தேய்மானம்’ என்றே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையே இல்லை.

அட்ரிஷனின் வேர் ‘டெரெரே’, அதாவது தேய்த்தல். பல்லோடு பல் உரசிக் குறைவதை இது குறிக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். அப்ரேஷனின் வேர் ‘ராடெரே’: சுரண்டுதல், மழித்தல். ரேசர் என்ற சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான். இங்கே பல்லைக் குறைப்பது வெளியிலிருந்து வரும் பொருள்: முரட்டு பிரஷ், செங்கற்பொடி, கரித்தூள்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. ‘பல் தேய்கிறது’ தன்வினை. ‘பல் தேய்க்கிறேன்’ பிறவினை. இடையில் இருப்பது ஒரு ‘க்’ மட்டுமே. ஆகவே அட்ரிஷனைத் தேய்வு என்றும் அப்ரேஷனைத் தேய்ப்பு என்றும் சொல்லலாம். காலையில் நாம் செய்யும் வேலைக்கே ‘பல் தேய்ப்பது’ என்று பெயர் வைத்த மொழிக்கு இது பொருத்தம்தானே!

எரோஷன் சுவையானது. அதன் வேர் ‘ரோடெரே’, கொறித்தல். எலி, அணில் வகையறாவுக்கு ரோடன்ட் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். நம் ‘அரித்தல்’ இதற்கு அப்படியே இணை: கரையான் மரத்தை அரிக்கும், ஆறு கரையை அரிக்கும். பல்லை அரிப்பது அமிலம். குளிர்பானம், எலுமிச்சை, எதுக்களித்து மேலே வரும் இரைப்பை நீர் எல்லாம் இதில் சேரும். பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் வருவது சொத்தை. அது வேறு கணக்கு. ஆனால் ‘பல் அரிப்பு’ என்று எழுதினால் படிப்பவர் சொறிய நினைப்பார். ‘அமில அரிமானம்’ என்பதே பாதுகாப்பு.

1991இல் கிரிப்போ என்பவர் நான்காவதாக அப்ஃப்ராக்‌ஷன் என்ற சொல்லை உருவாக்கினார். கடிக்கும் விசையால் பல்லின் கழுத்துப் பகுதி சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது என்பது கருத்து. அது உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா என்பதில் இன்னும் சர்ச்சை உண்டு. வேண்டுமானால் ‘தெறிப்பு’ எனலாம்.

அப்படியானால் ‘தேய்மானம்’ வீணா? இல்லை. ஒருவர் வாயில் மூன்றும் கலந்தே நடப்பதால், எதனால் குறைந்தது என்று பல்லைப் பார்த்தவுடன் சொல்வது கடினம். அதனால் 1984இல் ஸ்மித், நைட் இருவரும் வகுத்த தேய்மானக் குறியீட்டெண் காரணத்தைக் கேட்பதில்லை. எவ்வளவு போயிற்று என்று மட்டும் கேட்கும். ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு பரப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எனாமல் தேய்ந்து அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரிந்தால் 2. அதற்கு மேல் தெரிந்தால் 3. 2008இல் வந்த எளிய முறை வாயை ஆறு பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பரப்புக்கு மட்டும் 0 முதல் 3 வரை தருகிறது. மொத்தம் 18க்கு மேல் போகாது. காரணம் கேட்காத இந்தப் பொதுச் சொல்லுக்குத்தான் ‘தேய்மானம்’ கச்சிதம்.

சந்தி பார்த்தால் இது ‘பற்றேய்மானம்’ என்றுதான் வரவேண்டும். அப்படி எழுதினால் யாருக்கு எதன்மேல் பற்றுக் குறைந்தது என்று தேடுவார்கள். நான் பிரித்தே எழுதுகிறேன்.