மீட்டர் சொல்லாத கணக்கு: கடலோரத்தில் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் வண்டிகளான பழைய தார், ஜிப்சி, கூர்க்கா போன்றவற்றை வாங்க நினைத்து எங்கள் பட்டறைக்குப் பார்வைக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பது, "மீட்டர்ல எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதைத்தான். ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. நாற்பதாயிரத்துக்குள் இருந்தால் அடிப்பாகத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் ஓடிய வண்டிகளை ஆண்டுக்கணக்கில் கழற்றி மாட்டிவருபவன் என்ற முறையில், இராமநாதபுரம் கடலோரத்தில் இந்த ஒற்றை அளவுகோலை நம்பி வண்டி வாங்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மீட்டர் காட்டுவது தூரத்தை மட்டுமே. ஃபோர் வீல் வண்டியை, இழுவை கூட்டி வேகம் குறைக்கும் லோ கியரில் போட்டு ஓட்டும்போது, தாரைப் பொறுத்தவரை, அதே தூரத்தைக் கடக்க இன்ஜின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுற்ற வேண்டியிருக்கிறது. கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் உறுமி நகர்ந்த வண்டியின் மீட்டரில் சில கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கிளட்ச் பிளேட்டும், இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பட்ட பாடு, மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக ஐந்தாவது கியரில் சீராக வந்து சேரும் வண்டி பல நாள் ஓடினாலும் படாதது. டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் வைத்திருப்பது இதனால்தான்.

அதற்காகக் கிலோமீட்டருக்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். டீசல் வண்டியில் டர்போ, இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவையும் ஓட ஓடத் தேய்பவைதான். ஆனால் இவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் துருப்பிடித்தால் அதை அப்படிக் கழிக்க முடியாது.

இந்தக் கரையில் துரு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை வெளியூர்க்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1914-இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்தில், அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியே விட்டார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் வண்டியின் அடியில் தெறித்துக் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். ஆகவே ஒரே ஒரு நாள் அலையில் இறக்கிய வண்டியாக இருந்தாலும், சரியாகக் கழுவாவிட்டால், கொட்டகையில் நிற்கும் ஒவ்வோர் இரவும் அது மீண்டும் உப்புநீரில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. "கழுவிட்டேன்" என்று விற்பவர் சொன்னால், எந்தத் தண்ணீரில் கழுவினார் என்று கேளுங்கள். நம் பகுதியில் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கிறது. குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் யாரும் ஜீப் கழுவுவதில்லை.

அண்மையில் ஒரே நபருக்காக இரண்டு தார் வண்டிகளைப் பார்க்க நேர்ந்தது. ஒன்று 1,60,000 கிலோமீட்டர் ஓடிய மதுரை வண்டி; இன்னொன்று 38,000 மட்டுமே ஓடிய உள்ளூர் வண்டி. இரண்டாவது புதிதாகப் பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்புப் பூசி வந்திருந்தது. "அண்ணே, கடல்ல இறக்குனதே இல்ல" என்றார் விற்க வந்த தம்பி. முன் அச்சின் பல்சக்கரப் பெட்டியான கிரவுனில், எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும், தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பால் கலந்த காபி போல ஒன்று கொழகொழவென்று வழிந்தது. ஓடிச் சூடேறிய அச்சு திடீரென நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கிய காற்று, அச்சின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகவும் சீல் ஓரமாகவும் வெளி நீரை உள்ளே இழுத்துவிடுகிறது. அப்படி உள்ளே போன உப்புநீரோடு ஓடினால் பேரிங்குகள் அரித்துப்போக நெடுந்தூரம் தேவையில்லை. மதுரை வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது, முன்பக்க புஷ்கள் போயிருந்தன. கிரவுன் ஆயில் கறுத்திருந்தாலும் தண்ணீர் கலக்கவில்லை. நான் மதுரை வண்டியைத்தான் வாங்கச் சொன்னேன்.

சேசிஸைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. பெட்டிபோல் மூடிய சேசிஸுக்குள் துளைகள் வழியாக ஈர மணல் புகுந்து படிந்துவிடும். அது உள்ளிருந்தே இரும்பைத் தின்னும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். சிறிய சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மங்கும், சில வேளை உள்ளே செதில் உதிர்ந்து சலசலக்கும். விற்பதற்குச் சற்று முன் அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிடும். ஓட்டையை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. பிரேக் குழாய், சீட்டுக்கு அடியிலுள்ள தளம், பச்சை பூத்த ஒயர் முனைகள் ஆகியவற்றையும் பாருங்கள். மீன் பெட்டி ஏற்றிய கேம்பர் பிக்கப் வண்டியாக இருந்தால், ஐஸ் உருகி வடிந்த பின்புறத் தளத்தின் கீழே கட்டாயம் பார்க்க வேண்டும். கடலுக்குள் இறங்காமலே கடல்நீர் குடித்த வண்டிகள் அவை.

குறைந்த கிலோமீட்டர் வண்டிகளில் இன்னொரு வகை உண்டு. கீழக்கரைப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஆசையாக வாங்கி, விடுப்பில் வரும்போது மட்டும் எடுத்து ஓட்டும் வண்டிகள் பல விற்பனைக்கு வருகின்றன. இவை மணலில் அடிபட்டிருக்காது என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கமாகத் தட்டையாகியிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், ஒருநாளும் தொடாத ஃபோர் வீல் லீவர் இறுகிப் போயிருக்கும். இவற்றுக்கு ஆகும் செலவைக் கேட்டால் உரிமையாளர்களே நம்புவதில்லை.

மீட்டரைத் திருத்துவதும் நடக்கிறது. டிஜிட்டல் மீட்டர் என்பதால் முடியாது என்று நினைக்க வேண்டாம். பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் டயரின் தேதியையும் மீட்டரோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் 2321 என்று இருந்தால், அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 2018 மாடல், இருபதாயிரம்தான் ஓடியது என்கிறார்கள், நான்கு டயரும் 2021 என்றால் காரணம் கேளுங்கள். சீமைக்கருவேல முள் குத்திக் கிழிந்ததால் மாற்றினோம் என்பார்கள். நம் ஊரில் அது நடக்கக்கூடியதுதான், ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் கிழிவது அரிது.

ஃபோர் வீலைத் தார்ச் சாலையில் சோதிக்காதீர்கள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள சாலையில் திருப்பினால் கியர்களில்தான் முறுக்கு ஏறும். மணலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆமை முட்டையிடும் கடற்கரையை விட்டுவிட்டு ஏதாவது மணல் பொட்டலில் ஹை, லோ இரண்டையும் போட்டு, முன்சக்கரம் இழுக்கிறதா, லோ கியர் நழுவி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, சேசிஸ் எண். சேசிஸில் பொறித்த எண்ணையே துரு தின்றுவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். வேறு பதிவு எல்லைக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று கேட்கும் படிவம் 28-இல் அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த படி ஒட்டப்பட வேண்டும். எண் படியவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மெல்லிய தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், அந்த எண்ணை நீங்களே படியெடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.