தொட்டிச் சுவரில் ஒட்டும் பொடிக் குமிழிகள்: மீன் வளர்ப்போர் கவனத்துக்கு

தண்ணீர் மாற்றிய சற்று நேரத்தில் கண்ணாடி, ஹீட்டர், செடி எல்லாவற்றிலும் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் அப்பியிருந்தால், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதே குமிழிகள் மீனின் துடுப்பிலும் கண்ணிலும் செவுளின் இரத்த நாளங்களிலும் உருவாகிக்கொண்டிருக்கலாம்.

இதற்குக் காரணம், தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்த காற்று. அது வெளியேறத்தான் பார்க்கும். ஆனால் வெறும் தண்ணீருக்கு நடுவே புதுக் குமிழி பிறப்பது கடினம். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள குமிழியை நீரின் பரப்பு இழுவிசை ஏறக்குறைய 1.4 வளிமண்டல அழுத்தத்தோடு நசுக்குகிறது. அதனால் கீறல், தூசி, நார் ஆகியவற்றின் இடுக்கில் முன்பே சிக்கிக்கிடக்கும் காற்றைப் பற்றிக்கொண்டுதான் அது வளர்கிறது. பெருத்ததும் கழன்று மேலே போகும். இடுக்கில் மிஞ்சிய காற்றிலிருந்து அடுத்தது கிளம்பும்.

கம்ப்ரசர் போட்டு இறைக்கும் போர் தண்ணீரில் இந்தத் தொல்லை அதிகம். ஆழத்தில், அழுத்தத்தில் காற்று கரைந்துவிடுகிறது. மேலே வைத்த மோட்டாரின் சக்‌ஷன் ஜாயிண்ட் (தண்ணீரை உறிஞ்சும் குழாயின் இணைப்பு) கசிந்தாலும் இதே கதைதான்: வெளியே தண்ணீர் சொட்டாது, உள்ளே காற்று இழுக்கும். ஓடும்போது ஜாயிண்டில் சோப்பு நுரை தடவுங்கள். நுரை உள்ளே போனால் கசிவு அங்கேதான். குளிர்ந்த நீரைச் சூடாக்கினாலும் நடக்கும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மி.கி. ஆக்சிஜன் தாங்கும் நன்னீர், 30 டிகிரியில் 7.6 மி.கி. மட்டுமே தாங்கும்.

பலர் ஏமாறுவது ஆக்சிஜன் மீட்டரை நம்பித்தான். மீன் ஆக்சிஜனைச் செலவழித்துவிடும். நைட்ரஜன் அப்படியே தங்கும், அதை அந்த மீட்டர் காட்டாது. கரைந்த வாயுக்களின் மொத்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 110 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. பொடிக்குஞ்சுகளுக்கு அதற்கும் கீழேயே. இதை அளக்கும் தனி மீட்டர் இல்லாவிட்டால் முழங்கை வரை கையைத் தண்ணீரில் அசையாமல் வைத்திருங்கள். கை ரோமத்தில் குமிழிகள் கோத்தாற்போல் ஒட்டினால் அந்தத் தண்ணீரை மீனுக்கு விடாதீர்கள். (மதிய வெயிலில் இலையிலிருந்து சரமாக எழும்பி, இரவில் நின்றுவிடுபவை வேறு, அவை செடி விடும் ஆக்சிஜன்.)

தீர்வு, தண்ணீரை உடைத்துக் காற்றில் விழவைப்பதுதான். ஓட்டைத் தட்டுகளை அடுக்கி அவற்றின் வழியாக ஒழுகவிடலாம். வீட்டில் என்றால் அகலமான டப்பில் ஏரேட்டர் போட்டு ஓரிரவு வைத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றினால் போதும். அவசரத்தில் ஆழமான தொட்டி கைகொடுக்கும். மீன் ஒரு மீட்டர் கீழே இருந்தால் சுமார் 10 சதவீத மிகையை நீரின் அழுத்தமே அடக்கிவிடும். கண் பிதுங்கிய மீனைப் பார்த்ததும் மருந்தைக் கொட்டாதீர்கள், முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.