மெதுவாக ஆடும் போட்டை நம்பாதீர்கள்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு பெயிண்ட், எஞ்சின் வேலை, பராமரிப்பு எல்லாம் நடக்கிற நேரம். கூடவே இன்னொன்றும் நடக்கும். போட்டின் உயரம் ஏறிவிடும். ஆள் படுக்க, போட்டை ஓட்டும் அறையான வீல்ஹவுஸுக்கு மேல் ஒரு அறை, அதன் கூரையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பக்கத்திலேயே கேனும் பழைய வலையும் கட்டி வைக்க ஒரு இரும்புச் சட்டம். படகுகளைப் பரிசோதிப்பது என் தொழில் என்பதால், போன வருஷத்துக்கு அப்புறம் மேலே என்ன ஏற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "பெருசா ஒண்ணும் இல்ல சாரே" என்பார்கள். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்!

ஒரு உரிமையாளர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம போட்டு தொட்டில் மாதிரி ஆடும் சாரே, படுத்தா எந்திரிக்கத் தோணாது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெடுக் வெடுக்கென்று ஆடும் போட்டு உடம்புக்குக் கஷ்டம்தான், ஆனால் அது தன்னை நிமிர்த்திக்கொள்ளும் பலத்தோடு இருக்கிறது. சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் மெதுவாகத் திரும்புகிறதென்றால் மேலே பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பார்க்க இன்ஜினியர் வேண்டாம். காற்றில்லாத நேரம், துறைமுகத்துக்குள், அடி தட்டாத ஆழத்தில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு நாலைந்து பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து ஓடி போட்டை ஆட்டிவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்ப அதே பக்கம் வந்தால் ஒரு ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு ஆகும் விநாடிகளை ஐந்தால் வகுத்தால் போதும். அந்த விநாடி, போட்டின் அகலத்தை மீட்டரில் சொன்னால் வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 6 மீட்டர் அகலப் போட்டு ஒரு ஆட்டத்துக்கு 5 விநாடி எடுத்தால் பரவாயில்லை, 8 எடுத்தால் மேலே இருப்பதை இறக்குங்கள். தோராயக் கணக்குதான், தட்டு (போட்டின் மேல்தளம்) தண்ணீருக்கு மேல் போதுமான உயரத்தில் இருந்தால்தான் இதுவும் செல்லும்.

கரையில் பாஸான போட்டு திரும்பி வரும்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. அடியில் பாரமாக இருந்த டீசலும் ஐஸும் தீர்ந்துகொண்டே வரும், நனைந்த வலையோ தட்டின் மேல் குவியும். பாதி காலியான டேங்கில் டீசல் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். டேங்கின் நடுவில் போட்டின் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்து இடது, வலது என இரண்டாகப் பிரித்தால் இந்தத் தொல்லை கால்வாசியாகிவிடும். வெல்டருக்கு அதிக வேலையில்லை, ஆனாலும் யாரும் கேட்டுச் செய்வதில்லை.

தட்டில் ஏறும் அலைத்தண்ணீருக்கும் இதே குணம்தான். அது வெளியேறப் பக்கவாட்டில் விட்ட ஓட்டைகளை, மீன் போய்விடும் என்று சாக்கால் அடைத்து வைத்திருப்பதை எத்தனையோ போட்டில் பார்த்திருக்கிறேன். கம்பி வலை அடியுங்கள், மீனும் போகாது தண்ணீரும் நிற்காது. மீன் அறை மூடியையும் வேலை முடிந்ததும் இறுக்கிப் பூட்டுங்கள்.

2017-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு நம்மூரில் வயர்லெஸ், போட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் கவிழும் போட்டு பல நேரம் மைக்கை எடுக்கக்கூட நேரம் தராது.

ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தைப் பற்றி, வள்ளம் என்ற சிறு படகில் போகிற வள்ளக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. மணல் ஏறிய இடத்தில் அலை எழும்பி உடையும், பின்னாலிருந்து வந்து தூக்கினால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும், அந்த நேரத்தில் ஒரு பக்கமாகக் குவிந்த வலையும் மீனும் சேர்ந்து கவிழ்த்துவிடும். நுழைவதற்கு முன்பே பாரத்தை நடுவில், தாழ்வாக வைத்துக் கட்டிவிடுங்கள். உள்ளே கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டை பாலித்தீன் உறையிலிருந்து எடுத்து, பொழிக்கு வெளியே இருக்கும்போதே எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்ந்த பிறகு அதைத் தேட முடியாது.