மான் வேட்டைக்குச் சின்னக் காலிபர் போதுமா?

என்னிடம் மான்கள் இரண்டு விதமாக வரும். வேட்டைப் பருவத்தில் இறைச்சிப் பரிசோதனைக்காகத் தலைகீழாகத் தொங்கவிட்ட உடல்கள் ஒரு விதம். வேலியோரத்தில் எழ முடியாமல் ஒன்று கிடக்கிறது என்று யாராவது போன் செய்து, நான் போய்ப் பார்க்கும் உயிருள்ளவை இன்னொரு விதம். கால்நடை மருத்துவராக, குண்டு செய்த வேலையை உள்ளே கைவிட்டுப் பார்ப்பவன் நான். "பாயிண்ட் டூ டூ போதுமா டாக்டர்? டூ டூ த்ரீ போதுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், துப்பாக்கிக் கடையில் கிடைக்கும் பதிலோடு எப்போதும் ஒத்துப்போகாது. காரணம் அதுதான்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வகுத்து மான் வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சின்னக் காலிபர் (காலிபர் என்றால் குழலின் விட்டம், .22 என்பது அங்குலக் கணக்கு) என்ற ஒரே பேச்சில் இரண்டு வேறு துப்பாக்கிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். .22 லாங் ரைபிள் என்பது ரிம்ஃபயர் தோட்டா, அதாவது அடிவிளிம்பில் அடித்தால் வெடிப்பது. .223 ரெமிங்டன் சென்டர்ஃபயர், அடியின் நடுவில் அடித்தால் வெடிப்பது. இரண்டின் குண்டும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், 5.7 மில்லிமீட்டர். ஆனால் முதலாவது 2.6 கிராம் குண்டை ஒலியின் வேகத்தைக் கொஞ்சம் தாண்டித் தள்ளுகிறது. குழல்வாயில் அதன் ஆற்றல் சுமார் 180 ஜூல். இரண்டாவது 3.6 கிராம் குண்டை வினாடிக்கு 980 மீட்டருக்கு மேல் அனுப்புகிறது, ஆற்றல் 1,700 ஜூலைத் தாண்டும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. பலரும் மானுக்கு ஆரம்பப் படி என்று கருதும் .243 வின்செஸ்டரில் 6.5 கிராம் குண்டுக்கு இது 2,600 ஜூல் அளவில் இருக்கும். ஆக, விட்டத்தை வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

.22 ரிம்ஃபயரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மானுக்கு வேண்டாம். மான் வேட்டையை முறைப்படுத்திய பெரும்பாலான இடங்களில் சட்டமும் இதையேதான் சொல்கிறது. திருட்டு வேட்டைக்காரர்கள் சத்தம் குறைவு என்பதற்காக அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். வேலியோரத்தில் கிடப்பவற்றில் ஒரு பங்கு அவர்கள் விட்டுப் போனவை.

உடனே சிலர் பெல்லா ட்வின் கதையை எடுப்பார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஸ்லேவ் லேக் அருகே, 1953 மே மாதம், கிரீ பழங்குடியைச் சேர்ந்த அந்த அம்மா ஒரு சாதாரண .22 ரைபிளால் மாபெரும் கிரிஸ்லி கரடியை வீழ்த்தினார். உண்மைதான். ஆனால் அவர் கரடி வேட்டைக்குப் போகவில்லை. கரடி சில மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தலையின் பக்கவாட்டில் சுட்டார், விழுந்த பிறகும் திரும்பத் திரும்பத் தோட்டா போட்டு அங்கேயே சுட்டார். காலமெல்லாம் காட்டில் பொறி வைத்துப் பிழைத்தவருடைய கை அது. உயிர் தப்பச் செய்ததை வார இறுதி வேட்டைக்கு நியாயமாகக் காட்டுவது சரியில்லை. என் வண்டியிலும் ஒரு .22 இருக்கிறது. பிழைக்க வழியில்லாத மானின் வேதனையை முடிக்க, கை எட்டும் தூரத்திலிருந்து, அசையாமல் கிடக்கும் தலையில் சுடுவதற்கு. அந்த ஒரு வேலைக்கு அது போதும்.

உண்மையான கேள்வி .223, .222, .22-250 போன்ற வேகமான சென்டர்ஃபயர் தோட்டாக்களைப் பற்றியது. இதற்கு 'போதும்' என்றோ 'போதாது' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

குண்டு மானை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மூளையிலோ முதுகுத்தண்டிலோ படாத வரை, கொல்வது ரத்த இழப்புதான். நுரையீரல், இதயம், அவற்றை ஒட்டிய பெரிய நாளங்கள் கிழிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, மூளை செயலிழக்க வேண்டும். இதயமே சிதைந்துபோன மானும் பத்துப் பதினைந்து வினாடி ஓடும், அதற்குள் நூறு மீட்டர் போய்விடும். அடித்த அதிர்ச்சியிலேயே சாய்ந்துவிடும் என்பதெல்லாம் சில நேரம் நடக்கும், நம்பி இறங்க முடியாது. அப்படியானால் குண்டிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டு: மார்புக்கூட்டின் உள்ளே போய்ச் சேர வேண்டும், போன பிறகு விரிந்து அகலமாகக் கிழிக்க வேண்டும். கனமான குண்டில் இரண்டுக்கும் போதிய சரக்கு இருக்கிறது. மூன்றரை கிராம் குண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும்.

நரி, மர்மாட் போன்ற சின்ன விலங்குகளுக்காகச் செய்யப்படும், மெல்லிய செப்பு உறை போட்ட ஈயக் குண்டுகள் பட்டவுடன் வெடித்துச் சிதற வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. விலை குறைவு, குறியும் அருமையாக இருக்கும், கடையில் .223 என்று கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான். அப்படி ஒன்று பட்ட மானைத் தோலுரித்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தசை கூழாகி, கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது. கையுறையில் செப்பு உறையின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டன. தசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கீழே விலா எலும்புகள் முழுசாக இருந்தன, நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மான் பல நாள் மூன்று காலில் நடந்து மெலிந்து, கடைசியில் ஒரு முள்வேலியில் சிக்கிக்கொண்டது. சுட்டவர் குறி தவறவில்லை. குண்டு தோளைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர், ராணுவ பாணி முழு உறைக் குண்டு. விரியாமல் ஒரு பக்கம் பென்சில் நுழைந்து மறுபக்கம் வந்ததுபோல ஓட்டை போட்டுவிட்டுப் போகக்கூடும். மான் வேட்டைக்கு இது பல இடங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பயிற்சிக்கு வாங்கிய பெட்டியில் மிச்சமிருந்தது என்று அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள்.

மானுக்கென்றே செய்த .22 சென்டர்ஃபயர் குண்டுகள் இருக்கின்றன. ஈயத்தோடு உறையை இறுக ஒட்டியவை, நடுவில் தடுப்புச் சுவர் வைத்தவை, முழுக்கச் செம்பாலானவை. தடுப்புச் சுவர் யோசனை வந்த கதை சுவாரசியமானது. 1946இல் அமெரிக்கரான ஜான் நாஸ்லர் மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றை .300 மேக்னம் என்ற பலமான தோட்டா கொண்டு சுட்டும் குண்டுகள் மேலோடு சிதறி உள்ளே போகவில்லை. அந்த எரிச்சலில்தான் அவர் புதுக் குண்டை வடிவமைத்தார். பெரிய காலிபரிலும் மட்டமான குண்டு மட்டமான குண்டுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நல்ல குண்டு வாங்கினால் மட்டும் போதாது, உங்கள் குழல் அதைச் சுழற்ற வேண்டும். பழைய .223 ரைபிள்கள் பலவற்றில் புரிவரி, அதாவது குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் கோடு, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் (3.6 கிராம்) குண்டுக்கு அது சரி. 70 கிரெய்னும் (4.5 கிராம்) அதற்கு மேலும் கனமான நீளக் குண்டுகளுக்கு எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். இல்லாவிட்டால் குண்டு ஆடிக்கொண்டே போய் இலக்குத் தாளில் சாவித்துளை வடிவத்தில் ஓட்டை போடும். செம்புக் குண்டு அதே எடைக்கு இன்னும் நீளமானது, கவனிக்கவும்.

தூரமும் இருக்கிறது. சாதாரண 55 கிரெய்ன் .223 தோட்டா நூறு கெஜத்தில் 1,250 ஜூல் அளவில் வைத்திருக்கும். இருநூறு கெஜத்தில் 900க்கும் கீழே, அதாவது குழல்வாயில் இருந்ததில் பாதிதான். நூற்றைம்பதைத் தாண்டினால் சுடாமல் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ஸ்கோப்பில் மான் பெரிதாகத் தெரிவதால் குண்டின் பலம் கூடிவிடாது.

சட்டங்களைப் பார்த்தாலும் இந்த எல்லைக்கோட்டுத் தன்மை தெரியும். ஜெர்மனியில் சிறிய ரோ மானுக்கு நூறு மீட்டரில் 1,000 ஜூல் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டர் காலிபரும் 2,000 ஜூலும் வேண்டும். ஸ்காட்லாந்தில் ரோ மானைத் தகுந்த .223 தோட்டாவால் சுடலாம். அதே ரைபிளோடு எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்து அதே ரோ மானைச் சுட்டால் குற்றம், அங்கே .240 அங்குலமும் 1,700 அடி-பவுண்டும் (சுமார் 2,300 ஜூல்) குறைந்தபட்சம். மன்ட்ஜாக், சீன நீர் மான் என்ற இரண்டு குட்டை இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி: டெக்சஸில் சென்டர்ஃபயர் .22 செல்லும், கொலராடோவில் .24க்குக் கீழே செல்லாது. நண்பர் பக்கத்து மாநிலத்தில் செய்தார் என்பதை உங்கள் ஊர் வனத்துறை அதிகாரி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

சின்னக் காலிபருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. உதை குறைவு. புதிதாகக் கற்பவர்களும் உடல் சிறியவர்களும் மேக்னம் ரைபிளின் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு குடலில் சுடுவதை விட, .223ஐ அமைதியாகப் பிடித்து நுரையீரலில் வைப்பது எவ்வளவோ மேல். குடலில் பட்ட பெரிய குண்டு, மார்பில் பட்ட சின்னக் குண்டை விட மோசமானது. ஆனால் இதே காரணத்தைச் சொல்லித்தான் அனுபவமில்லாத பிள்ளைகள் கையில் .223ஐக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது முரண். தவறுக்கு இடம் குறைவான கருவியைக் கையாளத் தேர்ந்த கை வேண்டும். உதைதான் பிரச்சினை என்றால் .243ஐயோ, குறைந்த சக்தியில் செய்த 6.5 மில்லிமீட்டர் தோட்டாவையோ பாருங்கள்.

.223தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? மான் பக்கவாட்டில், அசையாமல், திறந்த வெளியில் நிற்கும்போது மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் நடுவில் சுடுங்கள். சாய்வாக நிற்கிறதா, தோள் எலும்பு குறுக்கே வருகிறதா, காத்திருங்கள். தலையில் சுட்டால் இறைச்சி வீணாகாது என்ற பேச்சை மட்டும் கேட்காதீர்கள். மானின் மூளை சின்னது, தலையோ நொடிக்கு நொடி ஆடுவது. கொஞ்சம் தவறினால் கீழ்த்தாடை உடையும். அப்படி வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்: நாக்கு வீங்கித் தொங்கும், காயத்தில் புழு நெளியும், வயிறு காலியாக இருக்கும், கண் மட்டும் தெளிவாக நம்மையே பார்க்கும். ஓட முடிகிறது, மேய முடியவில்லை. சாக நாள்கணக்காகும்.

சுட்ட பிறகு வரும் சிக்கலும் சின்னக் காலிபரில் அதிகம். குண்டு பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வராது. நுழைந்த ஓட்டையை மயிரும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும், ரத்தம் மார்புக்குள்ளேயே தேங்கும். தரையில் சொட்டு இல்லை என்பதால் 'படவில்லை' என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மான் எண்பது மீட்டர் தள்ளிப் புதருக்குள் செத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் மான் நின்ற இடத்துக்கே போய்க் குனிந்து தேடுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சைக் கறையும் புளித்த வாடையும் என்றால் வயிறு, குடல். அப்படியானால் உடனே துரத்தக் கூடாது, படுத்துக்கொள்ள விட்டுப் பல மணி நேரம் கழித்து, ரத்தம் பிடிக்கும் பயிற்சி பெற்ற நாயோடு போக வேண்டும். தட்டையான எலும்புச் சில் கிடந்தால் விலா, குழாய்போல வளைந்த சில் என்றால் கால். அப்புறம், நாய் வைத்திருப்பவரின் எண்ணை வேட்டைக்குக் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள். இருட்டிய பிறகு ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்க நேரமிருக்காது.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று: ஈயம். வேகமாகப் போய்ச் சிதறும் ஈயக் குண்டின் துகள்கள் காயத்தோடு நிற்பதில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் உலோகத் துகள்கள் இருந்தன. அவற்றின் கொத்துக்கறிப் பொட்டலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிலும் இருந்தன. அந்தக் கறியைத் தின்ற பன்றிகளின் ரத்தத்தில் ஈயம் கூடியது. கண்ணுக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத துகள்கள் இவை. கலிஃபோர்னியா 2019 ஜூலையில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முழுவதும் நிறுத்தியது. டென்மார்க் 2024இல் ரைபிள் குண்டிலும் தடை கொண்டுவந்தது. அங்கெல்லாம் செம்புதான்.

ஈயக் குண்டைப் பயன்படுத்துகிறவர்கள் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். ரத்தம் கட்டிய தசை எதையும் கொத்துக்கறியில் சேர்க்காதீர்கள். அதை வீட்டு நாய்க்கும் போட வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த மானின் கொத்துக்கறியையே தவிர்ப்பது நல்லது. குடல் கழிவைத் திறந்த வெளியில் விட்டால் கழுகுகள் அதைத் தின்று ஈய நஞ்சுக்குப் பலியாகின்றன, புதைத்துவிடுங்கள். பரிசோதனைக்கு உடலைக் கொண்டுவரும்போது என்ன குண்டு, எவ்வளவு தூரம், எந்தப் பக்கமிருந்து என்று சொல்லுங்கள், முடிந்தால் தோட்டாப் பெட்டியையும் கொண்டுவாருங்கள். எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்த்து, கத்தியை வைத்தே காட்டிவிடுகிறேன்.