வளங்குன்றாமை

சஸ்டெய்னபிலிட்டி என்பதற்குத் தமிழில் நாலைந்து சொற்கள் புழங்குகின்றன. பாடநூல்களில் நிலைத்தன்மை, செய்தித்தாள்களில் நீடித்த வளர்ச்சி, இலங்கையில் நிலைபேறு, அப்புறம் பேண்தகு. எதுவும் தப்பில்லை. ஆனால் காவிரிப் படுகையில் இருந்துகொண்டு சுற்றுச்சூழல் கல்வி பற்றி எழுதுகிறவர்களுக்கு என் சிபாரிசு வளங்குன்றாமை.

மூலச்சொல் லத்தீன், கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். இயற்கை வளத்தோடு அது ஒட்டிக்கொண்டது ஜெர்மன் வழியாக. சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு பற்றாமல் போவதைக் கண்டு, காடு தொடர்ந்து பயன் தரும்படி அளவோடு வெட்ட வேண்டும் என்று 1713இல் எழுதினார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாந்து ஆணையம் அந்தக் கருத்தை உலகப் பேச்சாக்கியது. 2005 முதல் 2014 வரை இதற்கான கல்விக்கென்றே ஐ.நா. ஒரு பத்தாண்டு ஒதுக்கியது. இந்தியாவில் 1991லேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொல்லிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். குன்றுதல் என்றால் குறைதல். 'வாரி வளங்குன்றிக் கால்' என்கிறது 14ஆம் குறள்: மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார். குறுவை நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்று, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் தேதியையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்களில் இதற்கு உரை எதுவும் தேவைப்படாது. இந்தக் 'குன்றி'யின் எதிர்மறைதான் குன்றா. நிலைத்தன்மை என்றால் அசையாமல் இருப்பது என்றும் கேட்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன டெல்டாவில் எது அசையாமல் இருந்தது? வண்டல் வருவது நின்றால்தான் ஆபத்து.

வளம் என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பழைய உறவும் உண்டு. முதலாம் ராஜராஜன் சோழ மண்டலத்தை வளநாடுகளாகப் பிரித்தபோது, பலவற்றுக்கு ஆறுகளையே எல்லையாக வைத்தான். உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவில் இருந்தது. அந்த அரிசில்தான் இன்றைய அரசலாறு. கும்பகோணம் வழியாக வந்து காரைக்காலில் கடலில் சேர்கிறது. அதாவது தமிழ்நாட்டில் கிளம்பிப் புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் முடிகிறது. ஆற்றுக்கு இது தெரியாது, கல்வித் துறைகளுக்குத் தெரியும்.

சுற்றுச்சூழல் கல்விப் பேச்சில் கூடவே வரும் 'ரீஜனல் கோஆப்பரேஷன்' என்ற தொடரைத் தமிழாக்குவதில் தடுமாற்றம் இங்கேதான். பிராந்திய ஒத்துழைப்பு என்று எழுதினால் அமைச்சர்கள் கை குலுக்கும் படம் வருகிறது. நாடுகளுக்கிடையே பேசும்போது அது பொருந்தும்; தெற்காசிய நாடுகளுக்குச் சுற்றுச்சூழலுக்கென்றே கொழும்பில் 1982 முதல் அப்படியொரு கூட்டு அமைப்பு இருக்கிறது. பள்ளிக்கூட அளவில் வேண்டியது படுகை ஒத்துழைப்பு. குடகில் தலைக்காவிரி பக்கத்துப் பிள்ளை சோலைக்காடு எப்படி மழையைப் பிடித்து வைக்கிறது என்று படிக்க வேண்டும். நாகப்பட்டினம் கடைமடைப் பிள்ளை, ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் நிலத்தடியில் உப்பு எப்படி ஏறுகிறது என்று படிக்க வேண்டும். பிறகு ஒருவர் பாடத்தை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பின்படி, கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்ற கணக்கு இரண்டு மாநிலப் பெரியவர்களுக்கும் மனப்பாடம். பிள்ளைகளுக்கு அந்த எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் சண்டைதான் மிச்சம். தலைமடை, கடைமடை என்ற நம் சொற்களை அப்படியே பாடத் தலைப்பாக வைக்கலாம்.

புழக்கத்துக்கு: வளங்குன்றா வேளாண்மை, வளங்குன்றா மீன்பிடிப்பு, வளங்குன்றாமைக் கல்வி. 'வளங்குன்றாக் கல்வி' என்று எழுதினால் கல்விதான் குறையாமல் இருக்கிறது என்று ஆகிவிடும்; அந்த 'மை' அவசியம். கட்டடம், துணிமணி போன்றவற்றுக்கு இந்தச் சொல் ஒட்டாது. அங்கே பேண்தகு என்றே இருக்கட்டும்.