லோன்சம் என்றால் ஏகாந்தம் இல்லை

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பாடிய 'அயம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' (அழுதுவிடலாம் போல அவ்வளவு லோன்சமாக இருக்கிறேன்) பாட்டைப் பற்றித் தமிழில் கண்ணில் படுகிற குறிப்புகளில் பாதியில் 'ஏகாந்தம்' என்ற சொல் வந்துவிடுகிறது. ஏகாந்தத்தின் கீதம், ஏகாந்த இரவின் பாடல், இப்படி. எத்தனை தடவைதான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப்போவது?

லோன்சம் என்ற சொல்லின் பிறப்பில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஆல், ஒன் இரண்டும் ஒட்டி அலோன் ஆனது, அதன் தலை உதிர்ந்து லோன் ஆனது, பிறகு டயர்சம், ஹேண்ட்சம் போன்ற சொற்களில் உள்ள சம் விகுதி வாலில் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. அமெரிக்கப் பாட்டுகளில் இது புழங்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. அங்கே ஆள் மட்டும் லோன்சம் இல்லை. சாலையும் பள்ளத்தாக்கும் ரயிலின் ஊதலும்கூட லோன்சம்தான். இந்தப் பாட்டிலும் முதல் அடியில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது பாடுகிறவன்மேல் இல்லை, விப்பூர்வில் என்ற இரவுப் பறவைமேல். அதன் குரலைக் கேள், பறக்கக்கூட முடியாத சோகத்தில் இருக்கிறது என்கிறான்.

இப்போது ஏகாந்தத்துக்கு வருவோம். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, தமிழில் எத்தனையோ வடசொற்கள் நன்றாகவே இருக்கின்றன. பொருள்தான் தலைகீழ். 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்று ஔவையார் பேரில் வழங்கும் பாட்டு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். திருமலையில் நாளின் கடைசிச் சேவையாகப் பெருமாளைத் தாலாட்டித் தூங்கவைப்பதற்குப் பெயர் ஏகாந்த சேவை. மலைமேல் விடுதி கட்டுகிறவர்கூட விளம்பரத்தில் ஏகாந்தம் என்றுதான் போடுகிறார். ஆக, ஏகாந்தம் என்பது மனிதன் தேடிப்போகிற, கிடைத்தால் மகிழ்கிற ஒன்று. நடுநிசி ரயில் தாழ்ந்த குரலில் முனக, நேரம் தவழ்ந்து தவழ்ந்து போக, நிலா மேகத்துக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிற ஒரு பாட்டுக்கு இந்தச் சொல்லை ஒட்டுவது இழவு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுகிற மாதிரி. 'கவித்துவமாக இருக்கிறதே' என்பார்கள். இருக்கட்டும், ஆனால் பாட்டு அதைச் சொல்லவில்லையே!

சரி, தனிமை? அதில் தப்பில்லை, ஆனால் போதாது. தமிழில் தனிமை என்பது பெரும்பாலும் நிலவரம்தான், பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். 'தனிமையான பறவை' என்றால் கிளையில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் பறவை என்றுதான் மனசில் வரும், அதன் குரல் காதில் விழாது. போதாக்குறைக்கு 2020-க்குப் பிறகு அந்தச் சொல்மேல் தனிமைப்படுத்தல் முகாமின் கிருமிநாசினி வாசனை வேறு ஏறிவிட்டது.

இத்தனைக்கும் நம்மிடம் பொருத்தமான சொல் இருக்கிறது: புலம்பு. தொல்காப்பியம் உரியியலில் 'புலம்பே தனிமை' என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது. நாம் இன்று புலம்பல் என்றால் ஓயாத முறையீடு என்று மட்டும் நினைக்கிறோம். பழைய வழக்கில் தனிமை, அழுகை, ஒலி மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் இருந்தன. குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடன் வீட்டுக் குருவியைக் காட்டுகிறார். முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருப்பொடியில் குடைந்து ஆடி, கூரை இறவாரத்தில் தன் குஞ்சோடு அடைந்துவிடுகிறது அது. பார்த்துக்கொண்டிருப்பவள் கேட்கிறாள்: 'புன்கண் மாலையும் புலம்பும் இன்றுகொல் தோழி அவர் சென்ற நாட்டே'. அவன் போன ஊரில் இந்த மாலையும் இந்தப் புலம்பும் கிடையாதா என்று. பறவை, இருட்டு, எங்கேயோ இருக்கிற ஒருவர். ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டும் கடைசியில், ஊதா வானத்தில் ஓசையில்லாமல் நட்சத்திரம் விழ, நீ எங்கே இருக்கிறாய் என்ற யோசனையில்தான் போய் நிற்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று நான் சொல்ல வரவில்லை. லோன்சம் வேலை செய்கிற இடத்தில் அதே வேலையைச் செய்கிற தமிழ்ச்சொல் இது என்றுதான் சொல்கிறேன். 'புலம்பு என்றால் இன்று யாருக்குப் புரியும்?' என்ற கேள்வி நியாயமானது. பறவைக்கு 'புலம்பும் பறவை' என்று போட்டுப் பாருங்கள், அகராதி இல்லாமலே புரியும். ஆளுக்கு 'தன்னந்தனி' போதும்.

தலைப்பின் பின்பாதி இன்னும் மோசமாக அடிபடுகிறது. 'தனிமையில் அழுகிறேன்' என்கிறார்கள். அந்த ஆள் பாட்டு முழுக்க அழவே இல்லை ஐயா! நிலா அழுகிறது, இலை உதிரும்போது ராபின் பறவை அழுகிறது, இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இசையும் அப்படியே அடக்கி வாசிக்கிறது. 1949 ஆகஸ்டில் சின்சினாட்டியில் பதிவானபோது ஹாங்க் வில்லியம்ஸுக்கு வயது 25. டிரம் கிடையாது, மெதுவான வால்ட்ஸ் நடை, ஜெரி பேர்டின் ஸ்டீல் கிதார் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகிறது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு. 1973-இல் ஹவாய் கச்சேரியில் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாடும் முன், தான் கேட்டதிலேயே மிகச் சோகமான பாட்டு இதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னார். உடைந்து அழுதிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். அழாமல் நிற்பதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் கேட்பவர் தொண்டையில் வந்து அடைக்கிறது. தலைப்பில் 'அழலாம் போல' என்பதைச் சொல்லும் 'குட்' என்ற ஒரு சின்னச் சொல்லை விழுங்கினால் பாட்டே போச்சு. 'அழுகை முட்டுது' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? 'மிகவும் தனிமையாக உணர்கிறேன்' என்று எழுதுகிறவர்களுக்கு அது தோன்றாது. எதற்கெடுத்தாலும் உணர்கிறேன், பசியைக்கூட உணர்கிறார்கள்.

விப்பூர்வில் ஒரு தமிழ்க் குறிப்பில் குயிலாகவே ஆகியிருந்தது. அது பக்கி இனத்துப் பறவை, ராத்திரியெல்லாம் தன் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தும். குயில் என்றதும் வசந்தம் வந்துவிடும், இங்கே இலை உதிர்கிறது.

அப்புறம் கன்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' ஆக்குவது. நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் கிடையாது. இது எழுதியவர் பெயரோடு, ரேடியோவுக்கும் இசைத்தட்டுக்கும் என்று உருவாகி, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் தொழிலாக வளர்ந்தது. கன்ட்ரி என்றே எழுதிவிட்டுப் போகலாம், தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது.